டிராக்டர் விசையால் இயங்கும் மரத்துகளாக்கி: தேர்வும் பாதுகாப்பான ஊட்டுமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னந்தோப்புகளிலும் பழத்தோட்டங்களிலும் கழிக்கப்படும் மட்டை, கிளை ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி மண்ணுக்கே திருப்பித் தரும் இயந்திரங்கள் தமிழகத்தில் பரவி வருகின்றன. டிராக்டரின் பின்புறத் தண்டிலிருந்து விசை பெறும் இவ்வகை இயந்திரங்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் அவற்றுக்குக் கிளைகளை ஊட்டுவதற்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்விரண்டும் பொதுவாகத் தனித்தனியே பேசப்படுகின்றன. தேர்வு என்பது விலை, குதிரைத்திறன் ஆகியவற்றைப் பற்றியது என்றும், பாதுகாப்பு என்பது தொழிலாளியின் கவனத்தைப் பற்றியது என்றும் கொள்ளப்படுகிறது. ஊட்டுபவரின் கை கத்தியை நெருங்கும் வாய்ப்பு, இயந்திரம் வாங்கப்படும் வேளையிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது என்பதை ஊட்டத்தின் வேகம், ஊட்டுவாயின் நீளம், விசைத் தண்டின் சுழற்சி ஆகியவற்றின் கணக்குகள் வழி இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: மரத்துகளாக்கி, தென்னை மட்டை, பி.டி.ஓ. தண்டு, ஊட்டுவாய், உழவுக் கருவிப் பாதுகாப்பு, எச்சரிக்கை மொழி.

முன்னுரை

இயந்திரத்தின் வாயில் பொருளைக் கையால் ஊட்டும் தொழில் தமிழர்க்குப் புதிதன்று. கரும்பு பிழியும் எந்திரத்தை ஐங்குறுநூறும் பெரும்பாணாற்றுப்படையும் குறிப்பிடுகின்றன. மாடு சுற்றிய செக்கிலும் ஆலையிலும் ஊட்டுபவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இயந்திரம் மெல்லச் சுழன்றது. கூவி அழைத்தால் மாடு நின்றது. இன்றைய டிராக்டர் விசைக்கு அத்தகைய தயக்கம் இல்லை. பிடித்ததைக் கிளை என்றும் கை என்றும் அது பிரித்தறிவதில்லை.

மரத்துகளாக்கியின் தேவை ஐயத்திற்கு இடமற்றது. 7.5 மீட்டர் இடைவெளியில் நடப்பட்ட ஓர் ஏக்கர் தென்னந்தோப்பில் ஏறத்தாழ 70 மரங்கள் நிற்கும். ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 12 மட்டைகளை உதிர்க்கிறது என்று கொண்டால், ஏக்கருக்கு 840 மட்டைகள் சேரும். இவற்றை எரித்தால் கரிமப்பொருள் புகையாகப் போகும். குவித்து வைத்தால் பூச்சிகளுக்குப் புகலிடமாகும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களில் சாய்ந்து கிடந்த தென்னைகளை அகற்றுவதே உழவர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. சீமைக் கருவேலத்தை அகற்றும் இடங்களிலும் மா, முந்திரித் தோட்டங்களில் கவாத்து செய்யும் பருவத்திலும் இதே சிக்கல் எழுகிறது.

துகளாக்கி இச்சிக்கலைத் தீர்க்கிறது. ஆயினும் அதனை வாங்குபவர் ஒருவர். அதன் வாயருகே நின்று ஊட்டுபவர் பெரும்பாலும் வேறொருவர். தோப்பின் உரிமையாளரோ வாடகைக்கு விடும் இயந்திர உரிமையாளரோ தேர்வு செய்கிறார். நாட்கூலிக்கு வருபவர் ஊட்டுகிறார். விலையைக் குறைக்கும் முடிவின் பயன் ஒருவரைச் சேர, அதன் இடர் மற்றொருவரைச் சேர்கிறது. இக்கட்டுரையின் நோக்கம் இவ்விருவருக்கும் இடையிலுள்ள தொலைவைச் சுட்டி, தேர்வின் ஒவ்வொரு கூறும் ஊட்டுபவரின் கையை எவ்வாறு தொடுகிறது என்பதை விளக்குவதாகும்.

1. துகளாக்கியின் வகைகள்

சந்தையில் ‘சிப்பர்’, ‘ஷ்ரெட்டர்’ என்னும் இரு பெயர்களும் கலந்து வழங்குகின்றன. இயக்க அடிப்படையில் மூன்று வகைகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது, தட்டு வகை. கனமான எஃகுத் தட்டின் முகத்தில் இரண்டு முதல் நான்கு கத்திகள் பொருத்தப்பட்டிருக்கும். தட்டு சுழலும்போது கத்தி, அசையாத எதிர்க்கத்திமேல் கிளையை அழுத்திச் சீவுகிறது. தட்டின் கனமே விசையைச் சேமித்து வைக்கிறது. ஒரே அளவான சீவல்கள் கிடைக்கின்றன. கட்டையான கிளைகளுக்கும் சவுக்குக் கழிகளுக்கும் இது ஏற்றது.

இரண்டாவது, உருளை வகை. சுழலும் உருளையின் புறப்பரப்பில் கத்திகள் இருக்கும். வாய் அகன்றது, கோணலான, கவை மிகுந்த கிளைகளையும் ஏற்கும். கிளையை உள்ளிழுக்கும் வேகமும் முரட்டுத்தன்மையும் இதில் மிகுதி.

மூன்றாவது, சுத்தி வகை. கீல்போல் ஆடும் எஃகுச் சுத்திகள் பொருளை அடித்துச் சிதைக்கின்றன. ஓலை, சோளத்தட்டை போன்ற மென்பொருள்களுக்கு உரியது. தென்னை மட்டைக்கென விற்கப்படும் இயந்திரங்கள் பலவும் கத்தியையும் சுத்தியையும் இணைத்தவை.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதன் மட்டையில் நீண்ட நார்கள் ஓடுகின்றன. மரக்கிளைக்கு மட்டும் வடிவமைத்த தட்டு வகை இயந்திரத்தில் மட்டையை ஊட்டினால் நார் அறுபடாமல் தண்டைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய நாரை அகற்ற ஒவ்வொரு முறையும் யாரேனும் மூடியைத் திறக்க வேண்டும். எனவே, தோப்பில் மிகுதியாகக் கிடைக்கும் கழிவு எது என்பதே தேர்வின் முதல் வினா. பொருந்தாத இயந்திரம் அடிக்கடி அடைபடும். ஒவ்வோர் அடைப்பும் மனிதக் கை கத்தியை நெருங்கும் ஒரு வேளையாகும்.

2. ஊட்டத்தின் வேகம்: ஒரு கணக்கு

உருளை ஊட்டி இல்லாத இயந்திரங்களில் கிளையை உள்ளிழுப்பது கத்தியே. ஒவ்வொரு கத்தியும் ஒரு சீவலின் நீளம் அளவுக்குக் கிளையை உள்ளே கொண்டுசெல்கிறது. ஆகவே, இழுவேகத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம்: கத்திகளின் எண்ணிக்கை × ஒரு நிமிடத்தில் தட்டு சுற்றும் சுற்றுகள் × சீவலின் நீளம்.

இரண்டு கத்திகள், நிமிடத்திற்கு 1000 சுற்று, 10 மி.மீ. சீவல் எனில், கிளை நிமிடத்திற்கு 20 மீட்டர், அதாவது நொடிக்கு 33 செ.மீ. வேகத்தில் உட்செல்லும். நான்கு கத்திகள், 1500 சுற்று, 12 மி.மீ. சீவல் எனில், நிமிடத்திற்கு 72 மீட்டர். நொடிக்கு 120 செ.மீ.

ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். கையுறையின் விளிம்பில் ஒரு கவைக்கிளை மாட்டிக்கொள்கிறது. இழுபடுகிறோம் என உணர்ந்து விரலை விடுவிக்க ஒருவருக்கு அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கண்ட இரண்டாம் இயந்திரத்தில் அதற்குள் கை 60 செ.மீ. உட்சென்றிருக்கும். ஒரு நொடி ஆனால் 120 செ.மீ. ஊட்டுவாயின் விளிம்பிலிருந்து கத்தி 60 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது எனில், எவ்வளவு கவனமான தொழிலாளியாலும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. அங்கே குறைவது கவனம் என்று சொல்வது பொருந்தாது, நீளமே குறைகிறது.

தட்டின் விளிம்பு வேகத்தையும் நோக்கலாம். 60 செ.மீ. விட்டமுள்ள தட்டு நிமிடத்திற்கு 1000 முறை சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்கு 31 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 113 கி.மீ. வேகத்தில் செல்கிறது. உள்ளே விழும் ஆணியோ கல்லோ எவ்வளவு வேகத்தில் தெறிக்கும் என்பதை இதனால் உணரலாம்.

3. டிராக்டருக்கு ஏற்ற இயந்திரம்

டிராக்டரின் பின்புறத்தில் விசை தரும் தண்டை உழவர்கள் ‘பி.டி.ஓ.’ என்றே வழங்குகின்றனர். இது பெரும்பாலான டிராக்டர்களில் நிமிடத்திற்கு 540 முறை சுற்றும். ஆறு பள்ளங்களும் 35 மி.மீ. விட்டமும் கொண்ட தண்டு 540 சுற்றுக்கு உரியது. 21 பற்கள் கொண்ட தண்டு 1000 சுற்றுக்கு உரியது. 540 சுற்றுக்கென அமைந்த துகளாக்கியை மாற்றிணைப்பு ஒன்றின் துணையால் 1000 சுற்றில் ஓட்டுவது தட்டையும் தண்டையும் சிதறச் செய்யும் செயலாகும்.

குதிரைத்திறனைக் கணிக்கும்போது டிராக்டரின் இஞ்சின் திறனைக் கொள்ளாமல், பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறனைக் கொள்ள வேண்டும். 45 குதிரைத்திறன் டிராக்டரில் தண்டில் கிடைப்பது பொதுவாக 38 முதல் 40 வரை. 10 செ.மீ. தடிமனான கிளைக்கு உரிய துகளாக்கிக்குத் தண்டில் 20 முதல் 35 குதிரைத்திறனும், 15 செ.மீ. கிளைக்கு 35 முதல் 50 குதிரைத்திறனும் தேவைப்படும் என்பது பொதுவான வரம்பு. விளம்பரத்தில் கூறப்படும் மிகுதியான தடிமன், பச்சையான மென்மரத்தைக் கருதியதாக இருக்கலாம். காய்ந்த கருவேலம், புளி, சவுக்கு ஆகியவற்றுக்கு அந்த அளவை அப்படியே கொள்ளலாகாது.

திறன் குறைந்த டிராக்டரில் பெரிய துகளாக்கியைப் பூட்டினால், தடித்த கிளை நுழைந்ததும் சுற்று குறையும்; கிளை பாதியில் நிற்கும்; ஊட்டுபவர் அதனைக் கையாலோ காலாலோ தள்ளத் தொடங்குவார். திறன் மிகுந்த டிராக்டரில் சிறிய துகளாக்கியைப் பூட்டினால், சிக்கல் நேரும்போது டிராக்டர் தளராமல் தண்டையோ பல்சக்கரத்தையோ முறித்துவிடும். இதனைத் தடுக்கவே ஷியர் போல்ட் எனப்படும் அறுபடும் ஆணி வைக்கப்படுகிறது. அது அறுந்தால் அதே தரத்து ஆணியையே இட வேண்டும். ‘இனி அறாது’ என்று வலிய ஆணியை இடுவது, இயந்திரத்தின் ஒரே பணிவான உறுப்பை அகற்றுவதாகும்.

இயந்திரத்தின் எடையை டிராக்டரின் மும்முனை இணைப்பு தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். துகளாக்கியைத் தூக்கியவுடன் முன்சக்கரங்கள் இலேசாகிவிடுமாயின் முன்புறம் எடை சேர்க்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தைத் தரையில் இறக்கி நிறுத்திய பின்னரே ஓட்ட வேண்டும்.

கத்தியின் கூர்மையும் தேர்வோடு இணைந்தது. கத்தியைக் கழற்றித் தீட்ட உள்ளூர்ப் பட்டறையில் வசதி உண்டா, மாற்றுக் கத்தி கிடைக்குமா, கத்திக்கும் எதிர்க்கத்திக்கும் இடைப்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய இயலுமா என்று வாங்கும் முன்னரே கேட்டறிய வேண்டும். இவ்விடைவெளி பெரும்பாலும் 1 மி.மீ. அளவினது, தயாரிப்பாளர் தரும் அளவே இறுதியானது. மழுங்கிய கத்தி சீவாமல் நசுக்கும். சீவலுக்கு மாறாகத் தூளும் நாரும் வெளிவருவதே அதன் அறிகுறி. மழுங்கிய கத்தி கிளையைத் தானே இழுக்காது. ஆதலால் மனிதர் தள்ள நேரும். கூரிய கத்தியைவிட மழுங்கிய கத்தி ஊட்டுபவருக்கு மிகுந்த இடர் தருவது இதனாலேயே.

4. ஊட்டுவாயின் அமைப்பு

தேர்வில் மிக முதன்மையானதும், விலை பேசும்போது மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் ஊட்டுவாயின் நீளமே. அமெரிக்காவின் மரப் பராமரிப்புப் பாதுகாப்புத் தரமான ஏ.என்.எஸ்.ஐ. இசட் 133, இயந்திர ஊட்டி இல்லாத துகளாக்கிகளுக்கு ஓர் எளிய அளவைக் கூறுகிறது. கத்தியிலிருந்து ஊட்டுவாயின் நடுவழியாக வெளிவந்து தரைவரை அளந்தால், 85 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 2.15 மீட்டருக்குக் குறையலாகாது என்பது அது. நிமிர்ந்து நிற்கும் ஒருவர் கையை நீட்டியும் கத்தியைத் தொட இயலாத தொலைவு இது. ஓர் அளவுநாடாவும் இரண்டு நிமிடமும் இருந்தால் எந்த விற்பனைக் கூடத்திலும் இதனைச் சரிபார்க்கலாம். அளக்கும்போது டிராக்டர் அணைந்திருக்க வேண்டும். தண்டு பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். நாடாவை உள்ளே செலுத்தக் கைக்கு மாறாக ஒரு கழியைப் பயன்படுத்த வேண்டும்.

உருளை ஊட்டி உள்ள இயந்திரங்களில் இரு பல்லுருளைகள் கிளையைக் கவ்வி ஒரே சீரான வேகத்தில் கத்திக்கு அனுப்புகின்றன. ஊட்டம் ஒழுங்காவதும் கிளை எகிறுவது குறைவதும் இதன் நன்மைகள். ஆனால் உருளை கவ்வியதை விடாது. எனவே உருளை ஊட்டியுள்ள இயந்திரத்தில் கீழ்க்காண்பவை இருத்தல் வேண்டும்:

அ. ஊட்டுவாயின் வெளிவிளிம்பில், உடல் பட்டாலே உருளையை நிறுத்தும் நிறுத்துசட்டம்.
ஆ. உருளையை எதிர்த்திசையில் சுழற்றும் நெம்புகோல்.
இ. தட்டின் சுற்று குறைந்தால் உருளை தானே நின்று, சுற்று மீண்டதும் தொடரும் அமைப்பு.

மூன்றாவது அமைப்பு வசதிக்காக மட்டும் சேர்க்கப்படுவது போலத் தோன்றும். உண்மையில் அது அடைப்பைக் குறைத்து, மூடியைத் திறக்கும் தேவையையே குறைக்கிறது. விலை ஒப்பிடும்போது இம்மூன்றையும் கழித்துவிட்ட இயந்திரம் மலிவாகத் தெரியும். அந்த மலிவுக்குரிய எஞ்சிய விலையைச் செலுத்துபவர் ஊட்டுவாயருகே நிற்பவரே.

ஏற்கெனவே குட்டையான ஊட்டுவாய் கொண்ட இயந்திரம் வைத்திருப்போர், தயாரிப்பாளர் வழியாகவோ தேர்ந்த பட்டறை வழியாகவோ மூடிய நீட்சி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மேற்புறம் திறந்த தட்டு நீட்சியாகாது; நான்கு புறமும் மூடியிருந்தால்தான் கை உட்புகாது.

5. விசைத் தண்டு

கத்தியைக் கண்டு அஞ்சுபவர்கூட டிராக்டருக்கும் துகளாக்கிக்கும் இடையே சுழலும் தண்டைக் கண்டு அஞ்சுவதில்லை. அது மழமழவென்று ஓசையின்றிச் சுழல்வதே காரணம். 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. தண்டின் மூட்டு 10 செ.மீ. விட்டமுடையது எனில், ஒரு நொடியில் 2.8 மீட்டர் துணியை அது சுருட்டும். ஒன்றரை மீட்டர்த் துண்டு முழுதும் சுற்றப்பட அரை நொடி போதும்.

ஆதலால் தண்டின்மேல் சுழலாத நெகிழி உறை முழுநீளத்துக்கும் இருக்க வேண்டும். உறையோடு வரும் சிறு சங்கிலியை அசையாத உறுப்பில் மாட்ட வேண்டும்; மாட்டாவிட்டால் உறையும் தண்டோடு சேர்ந்து சுழலும். உறை உடைந்தால் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையைத் தொடரும் வழக்கம் கைவிடத்தக்கது. தண்டின் இரு குழாய்களும் ஒன்றனுள் ஒன்று குறைந்தது மூன்றில் ஒரு பங்கேனும் செருகியிருக்க வேண்டும். தண்டு இயன்றவரை நேராக நிற்க வேண்டும். ஓடும் தண்டைத் தாண்டுவதும் அதன்மேல் குனிந்து எதையும் எடுப்பதும் கூடா.

கனமான தட்டு, டிராக்டரின் கிளட்ச்சை மிதித்த பின்னும் சுழன்றுகொண்டே இருக்கும். சில டிராக்டர்களில் அச்சுழற்சி தண்டு வழியாகத் திரும்பி வந்து டிராக்டரையே முன்தள்ளும். இதைத் தடுக்கத் தண்டில் ஒருவழிக் கிளட்ச் தேவை. பழைய டிராக்டரோடு துகளாக்கியை இணைப்போர் இதனைத் தவறாது கேட்டுப் பெற வேண்டும்.

6. பாதுகாப்பான ஊட்டுமுறை

ஊட்டுவதற்கு முன் கழிவைத் தரம் பிரித்தல் பாதி வேலையாகும். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, உயிர்வேலிக் கிளுவையில் புதைந்த முட்கம்பி, மாடு கட்டிய கயிறு, சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, வேர்மண், கல் ஆகியவை உட்செல்லக் கூடாதவை. கிளைகளின் அடிப்பகுதி இயந்திரத்தை நோக்கி இருக்குமாறு ஒரே திசையில் அடுக்கி வைத்தால், ஊட்டும்போது திருப்பவும் இழுக்கவும் வேண்டியிராது. நிற்குமிடம் சமமாகவும், கால் தடுக்கும் கிளைகள் இன்றியும் இருக்க வேண்டும். சீவல் வெளியேறும் குழாய் ஆளில்லாத் திசையை, காற்று வீசும் போக்கில், நோக்கியிருக்க வேண்டும்.

டிராக்டரைக் குறைந்த வேகத்தில் வைத்து பி.டி.ஓ.வை இணைத்து, பின்னர்ப் படிப்படியாக 540 சுற்றுக்குக் கொண்டுவர வேண்டும். தட்டு முழு வேகம் அடையும் முன் ஊட்டலாகாது.

ஊட்டும் முறை வருமாறு:

1. ஊட்டுவாயின் நேர் எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நிறுத்துநெம்புகோல் கைக்கெட்டும் பக்கமே சரியான பக்கம். நேர் எதிரே நிற்பவர்மேல் சீவலும் திருப்பி எறியப்படும் துண்டும் விழும்.

2. கிளையின் தடித்த அடிப்பகுதியை முதலில் செலுத்த வேண்டும். நுனியை முதலில் செலுத்தினால் பின்னுள்ள கவைகள் விரிந்து கை, ஆடை ஆகியவற்றில் மாட்டும். தென்னை மட்டையிலும் அடிமட்டையே முன்செல்ல வேண்டும்.

3. கத்தி அல்லது உருளை கவ்வியதும் கையை விட்டு, உடலைத் திருப்பி விலக வேண்டும். கவ்விய கிளையைப் பிடித்து வழிநடத்த முயலக்கூடாது. வளைந்த கிளை கவ்வப்பட்டவுடன் சாட்டைபோல் ஒருபுறம் வீசும். அப்போது அருகில் நிற்பவரின் முகத்திலோ விலாவிலோ அடிக்கும்.

4. அகன்ற கவைகளை அரிவாளால் முன்பே பாதி வெட்டிவிட வேண்டும். ஊட்டுவாயில் வைத்துக் காலால் மிதித்து நெருக்குதல் கூடாது.

5. குச்சி, சிறுதுண்டு, உதிர்ந்த ஓலை ஆகியவற்றைக் கையால் உள்ளே தள்ளக்கூடாது. அடுத்துச் செல்லும் நீண்ட கிளையின் மேல் வைத்து அனுப்பலாம். அல்லது ஒன்றரை மீட்டருக்குக் குறையாத மரக்கழியால் தள்ளலாம். இரும்புக் கம்பியைப் பயன்படுத்தலாகாது. கழி அகப்பட்டால் சீவலாகும். கம்பி அகப்பட்டால் பறந்து வரும் ஆயுதமாகும்.

6. கொடிகளைக் கையில் சுற்றிப் பிடித்து ஊட்டக்கூடாது. கொடியின் ஒரு முனை கவ்வப்பட்டால் மறுமுனையில் இருக்கும் கையும் உடன்செல்லும்.

7. ஒருவர் தனியாக ஒருபோதும் இயக்கக்கூடாது. ஊட்டுபவரைப் பார்த்தபடியே டிராக்டரின் நிறுத்துவிசைக்கு அருகில் மற்றொருவர் இருக்க வேண்டும். இருவரும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் ஊட்டுதல் கூடாது. சிறுவர் அருகில் வருதல் அறவே தவிர்க்கத்தக்கது.

ஆடை பற்றியும் கூற வேண்டும். நம் ஊர் உழைப்பாளரின் இயல்பான உடையே இங்கு இடராக அமைகிறது. வேட்டி, லுங்கி, தோளில் கிடக்கும் துண்டு, முந்தானை, துப்பட்டா, முடியாத கூந்தல், வளையல், கழுத்துச் சங்கிலி யாவும் கிளையில் மாட்டக்கூடியவை. இறுக்கமான கால்சட்டையும் உடலோடு ஒட்டிய சட்டையும் தேவை. கையுறை அணிந்தால், மணிக்கட்டில் விரிந்து தொங்கும் விளிம்பு இல்லாத, இறுகப் பொருந்தும் கையுறையே தகும். கண்ணுக்கு மறைப்பும் காதுக்கு அடைப்பும் வேண்டும். நாள்முழுதும் கேட்டால் செவிக்குத் தீங்கு என்று கருதப்படும் 85 டெசிபல் அளவைத் துகளாக்கியின் ஓசை எளிதில் மிஞ்சும். காதடைப்பு அணிந்தவர் கூப்பிட்டால் கேளார் என்பதால் ‘நிறுத்து’ என்பதற்கு ஒரு கைச்சைகையை வேலைக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

7. அடைப்பை நீக்குதல்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் பதிவுகளின்படி 1992 முதல் 2002 வரை அந்நாட்டில் மரத்துகளாக்கிகளால் 31 தொழிலாளர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இயந்திரத்துள் இழுக்கப்பட்டவர்கள். எஞ்சியோருள் பலர் தெறித்த உறுப்புகளால் அடிபட்டவர்கள். தட்டு சுழல்வது நிற்கும் முன் மூடியைத் திறப்பதும், மூடியைச் சரியாகப் பூட்டாமல் இயக்குவதும் இத்தகைய தெறிப்புக்கு வழிவகுக்கின்றன.

டிராக்டர் அணைந்தவுடன் ஓசை அடங்கும். ஆனால் தட்டு மேலும் சில நிமிடங்கள் சுழலக்கூடும். ஓசை அடங்கியதை இயக்கம் அடங்கியதாகக் கருதுவதே பெரும்பிழை. எனவே பின்வரும் வரிசை மாறலாகாது: பி.டி.ஓ.வை விடுவித்தல், இஞ்சினை அணைத்தல், சாவியை எடுத்து, அடைப்பை நீக்கப்போகிறவர் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுதல், தண்டு அசைவற்று நிற்பதைக் கண்ணால் காணுதல், பி.டி.ஓ. தண்டை டிராக்டரிலிருந்து கழற்றுதல். தட்டைப் பூட்டும் ஊசியை இடுதல். அதன்பின் மூடியைத் திறத்தல். அடைப்பை நீக்குகையில் தட்டு சற்றே திரும்பினாலும் விரல் துண்டாகும். ஆகவே ஊசியிட்ட பின்னும் கழியையோ குறட்டையோ பயன்படுத்துவதே முறை.

8. சட்டமும் எச்சரிக்கையின் மொழியும்

விசைக் கதிரடிப்பான்களில் ஊட்டும்போது உழவுத் தொழிலாளர் கைகளை இழந்த காலத்தின் விளைவே, இந்திய நாடாளுமன்றம் இயற்றிய 1983ஆம் ஆண்டின் அபாயகர இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம். உழவுத் துறை இயந்திரங்களைச் செய்வோர், விற்போர், பயன்படுத்துவோர் ஆகியோரின் கடமைகளையும் காயமுற்றோர்க்கும் இறந்தோர் குடும்பத்தார்க்கும் உரிய இழப்பீட்டையும் அது பேசுகிறது. ஊட்டுபவரின் கவனக்குறைவே காரணம் என்று முடித்துவிடாமல், செய்தவரையும் வாங்கியவரையும் பொறுப்புக்கு உள்ளாக்கும் அதன் நோக்கு துகளாக்கிக்கும் பொருந்தும். கதிரடிப்பானில் கண்ட தீர்வும் இதே திசையிலானது: நீண்ட, மேல்மூடிய ஊட்டுவாய்.

எச்சரிக்கைக்கு ஒரு மொழி உண்டு. ஊட்டுபவர் படிக்க இயலாத மொழியில் ஒட்டப்பட்ட எச்சரிக்கைத் தாள், இயந்திரத்தின் வண்ணத்தில் ஒரு பகுதியாகவே அவருக்குத் தெரியும். ஆதலால் இயந்திரம் பெறும்போதே தமிழில் எழுதிய கையேடும் எச்சரிக்கைகளும் கேட்டுப் பெற வேண்டும். அவை சுருங்கிய ஏவல் வடிவில் அமைதல் நலம்: ‘கையை உள்ளே விடாதே’, ‘அடி முதலில்’, ‘நின்றபின் திற’, ‘தண்டைத் தாண்டாதே’. எழுத்தறியாதோர்க்காக, ஊட்டுவாயின் வெளிவிளிம்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒன்றைத் தீட்டலாம். கோட்டுக்கு அப்பால் கிளை மட்டுமே செல்லும், கை செல்லாது என்னும் ஒரே விதியை எவர்க்கும் ஒரு நிமிடத்தில் கற்பிக்கலாம்.

வாடகை முறையிலும் சிந்திக்க வேண்டியது உண்டு. மணிக் கணக்கில் வாடகை செலுத்தும் தோப்பு உரிமையாளர் விரைவை விரும்புவது இயல்பு. அடைப்பு நீக்கும் நேரத்தை வாடகைக் கணக்கிலிருந்து கழிப்பதாக முன்பே பேசிக்கொண்டால், இஞ்சினை அணைக்காமல் கைவிடும் தூண்டுதல் குறையும். இஃது இயந்திரத்தில் எதையும் மாற்றாமல் செய்யக்கூடிய பாதுகாப்பு ஏற்பாடாகும்.

முடிவுரை

• தோப்பில் கிடைக்கும் கழிவின் தன்மைக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தால் அடைப்பு குறைகிறது. அடைப்பு குறைந்தால் கை கத்தியை நெருங்கும் வேளைகள் குறைகின்றன.

• கத்திகளின் எண்ணிக்கை, சுற்று, சீவலின் நீளம் ஆகியவற்றால் அமையும் இழுவேகம், மனிதர் கையை விடுவித்துக்கொள்ளும் வேகத்தை எளிதில் வெல்கிறது. எனவே ஊட்டுவாயின் நீளமே முதற்பாதுகாப்பு.

• தண்டில் கிடைக்கும் குதிரைத்திறன், உரிய சுற்று, அறுபடும் ஆணி, ஒருவழிக் கிளட்ச், முழு உறை ஆகியவை வாங்கும்போதே உறுதி செய்யப்பட வேண்டியவை.

• அடிப்பகுதி முன்னாக, பக்கவாட்டில் நின்று, கவ்வியதும் விலகும் ஊட்டுமுறையும், இயக்கம் முற்றும் நின்றபின் மூடி திறக்கும் ஒழுங்கும் ஊட்டுபவரின் பங்காகும். அவற்றைத் தமிழில் கற்பித்து, கடைப்பிடிக்க நேரம் தருவது உரிமையாளரின் பங்காகும்.

இயந்திரம் வாங்கச் செல்பவர் அளவுநாடாவை உடன்கொண்டு செல்வதும், அந்த வாயருகே நிற்கப்போகும் தொழிலாளியையும் அழைத்துச் செல்வதும் நல்ல தேர்வின் தொடக்கமாகும். அவர் நின்று, கையை நீட்டிப் பார்த்து, எட்டவில்லை என்று சொன்ன பிறகு விலை பேசலாம்.